டிசம்பர் 26: ஒரு தேதியின் எழுவாய் யார்?

1

நாளிதழ்களில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ராசிபலனுக்குப் பக்கத்திலோ வானிலைக்குக் கீழேயோ ஒதுங்கிக் கிடக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு "அட" என்பார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த "அட"வைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டிசம்பர் 26-க்கான பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1530-இல் பாபர் இறந்தார். 1791-இல் சார்லஸ் பாபேஜ் பிறந்தார். 1893-இல் ஹுனான் மாகாணத்து ஷாவ்ஷான் கிராமத்தில் மாவோ பிறந்தார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்ததை அறிவித்தார்கள். 1899-இல் உத்தம் சிங் பிறந்தார். 1991-இல் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைக்கப்பட்டது. 2003-இல் ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. சரியாக ஓராண்டு கழித்து, 2004-இல், சுனாமி. பெட்டியைத் தயாரிக்கிற உதவி ஆசிரியர் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தவராக இருந்தால் 1925-ஐயும் சேர்த்துக்கொள்வார்: கான்பூர் மாநாடு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பிறப்பு. தமிழ்நாட்டுக்காரராகவும் இருந்துவிட்டால் இன்னொரு வரி கூடும். அதே 1925 டிசம்பர் 26 அன்றுதான் ஸ்ரீவைகுண்டத்தில் இரா. நல்லகண்ணு பிறந்தார்.

இவற்றுக்குள் என்ன உறவு? ஒன்றும் இல்லை. பாபருக்கும் ரேடியத்துக்கும் சம்பந்தமில்லை. செய்தித்தாளின் முதல் பக்கத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகளைச் சேர்த்துக் கட்டுவது மேலே அச்சிட்டிருக்கும் தேதி மட்டும்தான் என்றார் பெனடிக்ட் ஆண்டர்சன். அந்தக் கட்டிலிருந்துதான் 'நாம் எல்லோரும் ஒரே காலத்தில் இருக்கிறோம்' என்ற தேசக் கற்பனை பிறக்கிறது என்பது அவருடைய வாதம். 'வரலாற்றில் இன்று' பெட்டி அந்தக் கட்டை நூற்றாண்டுகளுக்குக் குறுக்கே இழுத்துப் போடுகிறது. எல்லாச் சம்பவமும் ஒரே அளவு எழுத்தில், ஒரே ஒரு வரியில். வரிசைதான் உண்டு, வாதம் கிடையாது.

தேதி ஒற்றுமையில் மர்மம் ஏதோ இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அது சோதிடர் வேலை. ஆனால் காசிமேட்டில் இருந்துகொண்டு இந்தப் பெட்டியைப் படிக்கும்போது சில வரிகள் மட்டும் ஒன்றையொன்று உரசுகின்றன. அந்த உரசலிலிருந்து சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில், தேதி என்பது இயற்கையில் கிடக்கிற பொருளல்ல, உற்பத்தி செய்யப்படுவது. மாவோ பிறந்த அன்று அவருடைய ஊரில் யாருக்கும் அது டிசம்பர் 26 இல்லை. குவாங்ஷு பேரரசரின் 19-ஆம் ஆண்டு, 11-ஆம் மாதம், 19-ஆம் நாள். டிசம்பர் 26 என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ரஷ்யாவைப் பாருங்கள். ஜார் ஆட்சியை எதிர்த்து ராணுவ அதிகாரிகள் பீட்டர்ஸ்பர்க்கின் செனட் சதுக்கத்தில் அணிவகுத்து நின்றது 1825 டிசம்பர் 14. 'டிசம்பர்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பர் 14 பழைய ஜூலியன் காலண்டர் கணக்கு. இன்றைய கணக்கில் அது டிசம்பர் 26. 1918-இல் போல்ஷெவிக் அரசு காலண்டரை மாற்றியது. ஜனவரி 31 முடிந்து விடிந்தபோது பிப்ரவரி 14. இடையில் பதின்மூன்று நாட்கள் காணாமல் போயின. அக்டோபர் புரட்சி நவம்பரில் கொண்டாடப்பட்ட கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

2004 சுனாமியும் இதற்கு விலக்கல்ல. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தபோது நமக்கு மணி காலை 6.29. ஹவாய்த் தீவிலிருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தில் அப்போது டிசம்பர் 25 பிற்பகல் மூன்று மணி. அதிர்வைப் பதிவு செய்தார்கள், அறிக்கையும் விட்டார்கள். பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்றது அறிக்கை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படியொரு ஏற்பாடே இல்லை. ஹைதராபாதில் நமக்கென்று மையம் வந்தது 2007-இல்தான். ஆக, நம்மைக் கொன்ற நிலநடுக்கம் கருவியில் விழுந்த இடத்தில் அது கிறிஸ்துமஸ் நாள். அலை சென்னைக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரத்தை இரண்டு காலண்டர்களுக்கு நடுவில் தொலைத்தோம் என்று சொன்னால் வெறும் அலங்காரம். எச்சரிக்கும் அறிவு ஒரு கடலுக்கு இருந்தது, இன்னொரு கடலுக்கு இல்லை. விஷயம் இதுதான்.

கரைக்காரர்களுக்கு வேறு கணக்கு உண்டு. அமாவாசை, பௌர்ணமி, நீரோட்டம் தெண்டியா வன்னியா, காற்று வாடையா கச்சானா. 2004 டிசம்பர் 26 மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. செத்தவருக்குத் திதி பார்க்கிற வழக்கப்படி போனால் ஒவ்வொரு வருஷமும் மார்கழிப் பௌர்ணமியில்தான் அந்தச் சாவுகளை நினைக்க வேண்டும். ஆனால் காசிமேட்டிலும் பட்டினப்பாக்கத்திலும் நாகப்பட்டினத்திலும் சனங்கள் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவது டிசம்பர் 26-இல்தான். இங்கிலீஷ் தேதி திதியாகிவிட்டது. அரசும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் சேர்ந்து எழுதிக் கொடுத்த தேதியை மக்கள் வாங்கித் தங்கள் சடங்குக்குள் வைத்துக்கொண்டார்கள். இதைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. வாங்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. அதிலிருந்து ஒரு சகாப்தத்தையே உண்டாக்கிக்கொண்டார்கள். இங்கே யாரிடமாவது ஒரு கல்யாணமோ ஒரு படகு வாங்கினதோ எப்போது என்று கேட்டால், "சுனாமிக்கு முன்னயா, சுனாமிக்கு அப்பாலயா" என்றுதான் பேச்சு தொடங்கும். கி.மு., கி.பி. மாதிரி.

கடிகாரம் காலத்தை எண்ணுகிற மாதிரி காலண்டர் எண்ணுவதில்லை, அது வரலாற்று உணர்வின் நினைவுச் சின்னம் என்று 1940-இல் எழுதிய தம் ஆய்வுரைகளில் வால்டர் பெஞ்சமின் வாதிட்டார். திரும்பத் திரும்ப வருகிற நாள், நினைவு கூர்கிற நாளாக வருகிறது. சரி. யாருடைய நினைவு? இங்கேதான் கான்பூர் வருகிறது.

3

1925 டிசம்பர் கடைசி வாரத்தில் கான்பூரில் காங்கிரஸ் மாநாடு, சரோஜினி நாயுடு தலைமையில். அதே ஊரில், அதே வாரத்தில் சத்யபக்தர் கூட்டிய கம்யூனிஸ்ட் மாநாடு. வரவேற்புக் குழுத் தலைவர் ஹஸ்ரத் மொஹானி. மாநாட்டுத் தலைவர் சென்னையிலிருந்து போன 65 வயது ம. சிங்காரவேலர்.

சிங்காரவேலர் பிறந்தது 1860 பிப்ரவரி 18, மெரினா ஓரத்து அயோத்தியாகுப்பத்தில், மீனவர் குடும்பத்தில். படித்து வக்கீலானவர். ஒத்துழையாமைக் காலத்தில் வக்கீல் தொழிலை உதறியவர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒன்றும் திருவல்லிக்கேணியில் ஒன்றுமாக இரண்டு கூட்டம் போட்டு இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். பின்னால் பெரியாரோடு சேர்ந்து 'குடி அரசு' இதழில் அறிவியலும் பொருள்முதல்வாதமும் எழுதியவர்.

கட்சி எப்போது பிறந்தது என்பதிலேயே சண்டை உண்டு. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1925 டிசம்பர் 26 என்கிறது. மார்க்சிஸ்ட் கட்சி 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட் என்கிறது. எந்தத் தேதியை எடுப்பது என்பது இந்த மண்ணில் கூடியதா, வெளியே அகிலத்தின் நிழலில் கூடியதா என்ற கேள்வியோடு பிணைந்தது. பிறந்த நாள் என்பது பிற்காலத்தில் எடுக்கப்படுகிற அரசியல் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கான்பூருக்கு 66 ஆண்டு கழித்து, அதே டிசம்பர் 26-இல், மாஸ்கோவில் உச்ச சோவியத்தின் குடியரசுகள் அவை கூடி, சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று தீர்மானம் போட்டது. கொர்பச்சேவ் முந்தின நாளே பதவி விலகிவிட்டார். அவைக்குத் தலைமை தாங்கிய அனுவார்பெக் அலிம்ஜானோவ் ஒரு கசாக் எழுத்தாளர். ஒரு பேரரசின் மரணச் சான்றிதழில் கையெழுத்திடும் வேலை ஓர் எழுத்தாளர் தலையில் விழுந்திருக்கிறது. தொண்ணூறுகளில் நமது சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக ஓடிய 'பெருங்கதையாடல்களின் முடிவு' விவாதமெல்லாம் அந்த வாரத்தின் அதிர்ச்சியிலிருந்து புறப்பட்டதுதான். வர்க்கம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சாதியும் பாலினமும் அடங்கவில்லை என்ற விமர்சனம் அப்போது வலுத்தது. நியாயமான விமர்சனம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த விவாதத்தில் கடற்கரை இருந்ததா? விளிம்பு விளிம்பு என்று பேசினோமே தவிர, நிலத்தின் நிஜமான விளிம்பில் குடியிருக்கிறவனை அதிகம் பேசவில்லை.

ஒவ்வொரு டிசம்பர் 26-உம் சென்னையில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கட்சி அலுவலகங்களில் கொடியேற்றம்; கடற்கரையில் பால் ஊற்றல். ஒன்றில் மீனவர் வீட்டில் பிறந்த ஒருவர் தலைமை தாங்கிய மாநாட்டை நினைக்கிறார்கள். மற்றதில் செத்துப்போன மீனவர்களை நினைக்கிறார்கள். ஒன்று மற்றொன்றைப் பற்றிப் பேசுவதில்லை. ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் பெயர் சிங்காரவேலர் மாளிகை. நிவாரணம் கேட்டு, பட்டா கேட்டு மனுவோடு மீனவப் பெண்கள் ஏறுகிற படிகள் அவர் பெயரில் இருக்கின்றன. அவரைக் கட்டடமாக்கினோம். அவருடைய சனத்தை மனுதாரர்களாக்கினோம்.

4

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கலாம். பெட்டியில் 1925-க்கான வாக்கியம் எப்படி இருக்கும்? "சிங்காரவேலர் தலைமை வகித்தார்." எழுவாய் மனிதர், வினை செய்வினை. 2004-க்கான வாக்கியம்? "சுனாமி தாக்கியது." எழுவாய் கடல். மனிதர்கள் அந்த வாக்கியத்தில் எண்ணிக்கையாக வருகிறார்கள்: பதினான்கு நாடுகளில் ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் பேர், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8 ஆயிரம், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேல்.

அதற்கடுத்து வந்த வாக்கியங்கள் எல்லாமே செயப்பாட்டுவினை. பாதிக்கப்பட்டனர், மீட்கப்பட்டனர், தங்கவைக்கப்பட்டனர், குடியமர்த்தப்பட்டனர். பிணத்தை முதலில் தூக்கியதும் படகை முதலில் தள்ளியதும் குப்பத்து ஆட்கள்தான். ஆனால் அறிக்கை மொழியில் அவர்கள் 'பயனாளிகள்'. தொழிலாளி என்ற சொல்லிலிருந்து பயனாளி என்ற சொல்லுக்கு நடந்த இந்த இடப்பெயர்ச்சி, குப்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு நடந்த இடப்பெயர்ச்சிக்கு முன்னோடி.

2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை எண் 172-ஐ நண்பர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும். அலைமட்டக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிற வீட்டுக்காரர்கள் அந்த எல்லைக்கு வெளியே போகச் சம்மதித்தால் இலவசப் புது வீடு. போகமாட்டேன் என்றால் தன் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. வற்புறுத்தல் ஒன்றும் இல்லை, விருப்பம்தான். ஆனால் எல்லாம் அடித்துக்கொண்டு போனவனுக்கு முன்னால் வைக்கப்படுகிற விருப்பத்துக்கு என்ன பொருள்? 1985-இல் மெரினாவை அழகுபடுத்த வேண்டும் என்று மீனவர்களை அப்புறப்படுத்தப் போய், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அன்று துப்பாக்கியால் முடியாததை இருபது வருஷம் கழித்து 'பாதுகாப்பு' என்ற சொல்லாடல் பெருமளவு முடித்துக் கொடுத்தது. கடலோரத்துச் சனங்கள் கார்கில் நகர்க் கொட்டகைகளுக்குப் போனார்கள், பிறகு எர்ணாவூருக்கு. அந்த இடத்துக்கு இன்றும் பெயர் 'சுனாமி குடியிருப்பு'. ரேஷன் அட்டையில், பள்ளிக்கூடப் பதிவேட்டில், வேலை விண்ணப்பத்தில் ஒரு பேரழிவைத் தன் முகவரியாக எழுத வேண்டிய தலைமுறை அங்கே வளர்ந்திருக்கிறது.

'மீனவ மக்கள்' என்று மொத்தமாகச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. விசைப்படகு முதலாளியும் பங்குக்குப் போகிற கூலியாளும் ஒன்றல்ல. சுனாமிக்குப் பின் நிவாரணம் படகைக் கணக்கிட்டது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுத்ததில் ஃபைபர் படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கிற பெண்ணுக்கு இழப்பதற்குப் படகு இல்லை. அன்னக்கூடை இழப்பாகப் பதிவாகாது. நாகை மாவட்டத்தில் கடலோர தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், மீனவர் அல்லாததால் பட்டியலில் விடுபட்டதும் அப்போதே ஆவணமாயின. அந்த மாவட்டத்துக்கு இன்னொரு தேதியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். சாம்பல் விடிந்தது டிசம்பர் 26-இல். இன்று முதல் நாள் வெண்மணி நினைவு, மறுநாள் சுனாமி நினைவு. இடையில் ஒரே ஒரு நள்ளிரவு. சேரிக்கும் குப்பத்துக்கும் நடுவே உள்ள தூரம் அந்த நள்ளிரவைவிடப் பெரிது.

5

நள்ளிரவு என்றதும் எண்ணூர். 2023 டிசம்பர் 26, இரவு பன்னிரண்டுக்குச் சற்று முன்னே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவருகிற கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கத்துச் சனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் கடலைக் கண்டு மேற்கே ஓடிய அதே கரை, அதே தேதியில் குழாயைக் கண்டு ஓடியது. கசிந்தது 26, ஓடி முடித்தபோது 27. செய்திகளில் இரண்டு தேதியும் கலந்து கிடக்கின்றன. 'வரலாற்றில் இன்று' பெட்டியில் இது வந்து நான் பார்த்ததில்லை. 2024-இல் பசுமைத் தீர்ப்பாயம் நிபந்தனைகளோடு ஆலையை மறுபடி இயங்க அனுமதித்தது.

ஆனாலும் அம்மோனியாக் கசிவுக்கு ஒரு தேதியாவது இருக்கிறது. அதனால் வழக்கு இருக்கிறது, விசாரணைக் குழு இருக்கிறது, இழப்பீட்டுப் பேச்சு இருக்கிறது. தேதியே இல்லாதவற்றை என்ன செய்வது?

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கியது 1870களில். இந்தக் கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலப்படுத்தியது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. தெருத் தெருவாகப் போனது. கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். தடுத்த இடத்துக்கு வடக்கே மறுபடி தின்றது. நகரத்தின் ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்ற கடற்கரை கிடைத்ததும் மறுபக்கம் கடற்கரை போனதும் ஒரே வினையின் இரண்டு பயன்கள். முதலாவதற்குப் பெயர் இருக்கிறது. இரண்டாவதற்குத் தேதிகூட இல்லை. எந்த நாளில் அந்த வீடு போனது என்று கேட்டால் "அது ஆச்சு ரொம்ப நாளு" என்பார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து இறாலும் நண்டும் அற்றுப்போனதற்கு எது தேதி? நுரையீரல் எந்தத் தேதியில் கெட்டது?

நிவாரணமும் சட்டமும் தேதி கேட்கின்றன. எந்த நாளில் நடந்தது, எந்த நாளுக்குள் மனு கொடுத்தாய், எந்தத் தேதிக்கு முன்பிருந்து குடியிருக்கிறாய். தேதி உள்ள இழப்பு சம்பவம். அதற்குக் கோப்பு உண்டு. தேதி இல்லாத இழப்பு வெறும் வாழ்க்கை. அதற்கு எந்த மேசையிலும் இடமில்லை. 'வரலாற்றில் இன்று' பெட்டிக்கும் வருவாய்த் துறைக் கோப்புக்கும் இந்த விஷயத்தில் ஒரே அறிவு முறைதான். இரண்டுமே ஒரு நாளில் முடிந்துவிடுகிற வன்முறையை மட்டும் பார்க்கக் கற்றவை. நூற்றைம்பது வருஷமாக நடக்கிற வன்முறை அவற்றின் கண்ணில் படாது.

6

அப்படியானால் தேதிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? முடியாது, கூடாது. ஆண்டுக்கொரு முறை ஊர் கூடுகிற நாளை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது மறதி. செய்யக்கூடியது, தேதியை நம் பக்கமிருந்து நிரப்புவது.

2025 டிசம்பர் 26-இல் கான்பூருக்கு நூறு ஆண்டு நிறைந்தது. நூற்றாண்டு பேசுகிற தோழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த டிசம்பர் 26 காலையில் கொடியேற்றியபின் கட்சி அலுவலகத்திலிருந்து காசிமேட்டுக் கரைக்கு நடந்து வாருங்கள். உரை ஆற்ற வேண்டாம், நிதி திரட்ட வேண்டாம். பால் ஊற்ற வந்த பெண்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எடுங்கள். எந்தத் தெரு எந்த வருஷத்து வாடையில் போனது, எந்த மீன் எப்போதிலிருந்து வலையில் விழவில்லை, எந்தக் குடும்பம் எர்ணாவூரிலிருந்து பஸ் பிடித்து ஏலத்துக்கு வருகிறது, அதற்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது. சரியான நாள் தெரியாவிட்டால் "சுனாமிக்கு முன்ன", "சுனாமிக்கு அப்பால" என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் காலண்டர்தான். எழுத்தாளர்கள் கூட வந்தால் நல்லது, எழுதிக்கொள்ள ஆள் வேண்டும்.

அந்தப் பட்டியலில் வாக்கியங்கள் "நாங்க" என்று தொடங்கும். நாங்க இருந்தோம், நாங்க தூக்கினோம், நாங்க போகமாட்டோம்னு சொன்னோம். அதை எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் சிங்காரவேலர் மாளிகைப் படி ஏற வேண்டும்.